எதை முதலில் மாற்றுவது?

வீட்டு ஸ்டீரியோவில் எதை முதலில் மாற்றுவது என்பது வெறும் பணப் பிரச்னையாகத் தோன்றும். ஆனால் அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. நான் அதைத் தாமதமாகத்தான் படித்தேன். அதற்குள் இருந்த ஆம்ப்ளிஃபயரை விற்றுவிட்டு, இரண்டு மடங்கு வாட்ஸ் உள்ள வேறொன்றை வாங்கியிருந்தேன். வித்தியாசம் பிரமாதம் என்று ஒரு மாத காலம் நண்பர்களிடம் சாதித்தும் வந்தேன். வாட்ஸ் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபெல். சத்தம் இரண்டு மடங்காயிற்று என்று காது ஒப்புக்கொள்ள ஏறக்குறைய 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு சக்தி, வேண்டும். நான் கேட்டது என் செலவைத்தான்.

ஆம்ப்ளிஃபயர்தான் முதலில் என்பதற்கு நியாயம் இருந்த காலம் உண்டு. 1927 ஆகஸ்டில் பெல் ஆய்வகத்தின் ஹரால்ட் பிளாக், ஹட்ஸன் நதியைக் கடக்கும் படகில், கையிலிருந்த செய்தித்தாளின் மேலேயே எதிர்ப் பின்னூட்டத்தின் கணக்கைக் குறித்தார். வெளிவரும் ஒலியில் ஒரு பகுதியைத் தலைகீழாக்கி உள்ளே திருப்பி அனுப்பினால் சிதைவு குறையும் என்பது அதன் சாரம். 1947இல் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ பத்திரிகையில் வில்லியம்ஸன் வெளியிட்ட வரைபடத்தை வைத்துக்கொண்டு வாசகர்கள் தம் வீட்டிலேயே ஆம்ப்ளிஃபயர் செய்துகொண்டார்கள். அதன் சிதைவு 15 வாட்ஸில் 0.1 சதவிகிதம். அன்றைக்கே பெரும்பாலும் தீர்ந்துபோன கணக்கு இது.

தீராமல் நின்றது ஸ்பீக்கர். ஆழ்ந்த கீழ்ஸ்தாயி வேண்டுமென்றால் அலமாரி அளவுக்குப் பெட்டி வேண்டியிருந்தது. 1954இல் அமெரிக்கக் கேம்பிரிட்ஜில் எட்கர் வில்ச்சர், காற்றுப் புகாமல் அடைத்த சிறிய பெட்டிக்குள் இருக்கும் காற்றையே ஸ்பிரிங்காக வேலை வாங்கினார். புத்தக அலமாரியில் வைக்கக்கூடிய பெட்டியிலிருந்து அந்தக் கீழ்ஸ்தாயி வந்தது. ஆலன் பிளம்லைன் 1931 டிசம்பரிலேயே ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கோரியிருந்தார். ஆனால் ஸ்டீரியோ இசைத்தட்டு கடைகளில் பரவியது 1958இல்தான். ஒன்றுக்கு இரண்டு பெட்டிகள் தேவைப்பட்ட அந்த நேரத்தில், சிறிய பெட்டி இல்லாவிட்டால் சாதாரண வீட்டுக்குள் ஸ்டீரியோ எளிதில் நுழைந்திருக்காது. ஸ்பீக்கர்தான் முதலில் என்ற கட்சி அப்படி வேரூன்றியது.

1970களின் தொடக்கத்தில் கிளாஸ்கோவிலிருந்து எதிர்க்கட்சி கிளம்பிற்று. லின் நிறுவனத்தின் ஐவர் டீஃபன்பிரன், ஊசி இழந்துவிட்டதைப் பின்னால் வரும் எந்தக் கருவியும் மீட்டுத் தராது, ஆகவே மூலமே முதல் என்றார். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ஆனால் எந்தக் கட்டத்தில் எவ்வளவு இழக்கிறோம் என்பதைத் தர்க்கம் சொல்லாது, அளந்துதான் பார்க்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை: அவருடைய டர்ன்டேபிளில், தட்டும் கையும் ஸ்பிரிங்கில் தொங்கும் அமைப்பு, வில்ச்சர் 1961இல் கொண்டுவந்த டர்ன்டேபிளின் வழியில் வந்ததுதான். இரண்டு கட்சிக்கும் மூதாதை ஒருவரே. 1982இல் குறுந்தகடு வந்து, மூலங்களுக்கிடையே இருந்த பேதத்தைப் பெரும்பாலும் துடைத்தது. கோஷம் மட்டும் மிஞ்சியது.

கனடாவில் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் ஃபிளாய்ட் டூல், ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்கச் செய்தார். ரசனை ஆளுக்கு ஆள் வேறு என்று நாம் நம்புகிற இடத்தில், கேட்டவர்கள் வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துப்போனார்கள். 1994இல் டூலும் ஷான் ஆலிவும் திரையை எடுத்துவிட்டும் சோதித்தார்கள். பெட்டியைக் கண்டதும் தீர்ப்புகள் மாறின.

இந்த இடத்தில் எனக்கு ரிச்சர்ட்ஸ் ஞாபகம் வருகிறார். இங்கிலாந்துக் கேம்பிரிட்ஜில் அவர் கவிஞர்களின் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்தார். 1929இல் அந்தக் குறிப்புகள் நூலாக வந்தபோது தெரிந்தது அவர்களுடைய தடுமாற்றம். பெயரை மறைத்தபோது காதுகள் ஒன்றுபட்டன, வாசகர்களோ சிதறிப்போனார்கள். கவிதைக்கு ஸ்பீக்கரைப் போன்ற அளவுகோல் இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் கவிதையைப் பற்றி அடித்துப் பேசுகிற நான் ஒரு மாத காலம் கண்ணால் சங்கீதம் கேட்டிருக்கிறேன். வாசிப்பிலும் அப்படி எத்தனை மாதங்களோ?

இந்தக் கட்சிகளுக்கெல்லாம் முன்னால் ஒருவர் இருந்தார். 1895இல் ஹார்வர்டில் வாலஸ் சபைன். புதிதாகக் கட்டிய ஃபாக் கட்டிடத்தின் சொற்பொழிவு மண்டபத்தில் பேச்சு விளங்கவில்லை. சொன்ன சொல் அடங்க ஐந்து விநாடிக்கு மேலாயிற்று. அவர் இரவு நேரங்களில் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பினார். எத்தனை மெத்தைக்கு எவ்வளவு சீக்கிரம் ஒலி அடங்குகிறது என்று அளந்தார், விடிவதற்குள் திருப்பி வைத்தார். அதிலிருந்து பிறந்த சூத்திரத்தின் துணையோடுதான் பாஸ்டன் சிம்பொனி ஹால் 1900இல் திறக்கப்பட்டது. அறையும் ஒரு கருவிதான் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

என் அறை சிமெண்ட் தரை, வெறும் சுவர். நீளம் ஏறக்குறைய 4 மீட்டர். கணக்குப்படி 43 ஹெர்ட்ஸில் அறையே ஊளையிட வேண்டும், இட்டது. ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து முன்னால் இழுத்தேன். நாற்காலியைப் பின்சுவரிலிருந்து நகர்த்தினேன். பழைய இலவம்பஞ்சு மெத்தைகள் இரண்டைச் சுவரில் சாய்த்தேன். பல வருஷமாகக் கேட்ட தட்டில் மிருதங்கத்தின் தொப்பி முதல் முறையாகத் தம்புராவிலிருந்து பிரிந்து கேட்டது. செலவு ஒன்றுமில்லை.

இப்போது வரிசை இது: முதலில் அறை, பிறகு ஸ்பீக்கர், அப்புறம் தேய்ந்த ஊசி. ஆம்ப்ளிஃபயர் கடைசியில், அதுவும் பழுதானால். வாங்கிவிட்ட அந்த ஆம்ப்ளிஃபயரின் குமிழை இன்றுவரை பாதிக்கு மேல் திருப்பியதில்லை. அந்தப் பணத்துக்கு இசைத்தட்டுகள் வாங்கியிருக்கலாம்.