பதினெட்டு வயது வாக்குரிமை, ஜொகூர்

மலேசியாவில் 18 வயதினர் முதன்முதலாக வாக்களித்தது 2022 மார்ச் 12 அன்று, ஜொகூர் சட்டமன்றத் தேர்தலில். அதுவரை 21 வயது நிரம்பியவர்களே, அதுவும் தாமாக விண்ணப்பித்துப் பதிந்துகொண்டால்தான், வாக்காளர்கள். 2019 ஜூலை 16 அன்று மக்களவையில் 211 உறுப்பினர்கள் கட்சி பாராமல் ஆதரித்த அரசியலமைப்புத் திருத்தம் அதை மாற்றியது. 2021 டிசம்பர் 15 முதல் நடப்புக்கு வந்தது. அதற்காக முன்னின்று உழைத்த அன்றைய இளைஞர், விளையாட்டுத் துறை அமைச்சர் சைட் சாடிக், ஜொகூரின் மூவார் தொகுதிக்காரர்.

வயதைக் குறைத்ததைவிட, வாக்காளர் பட்டியலில் பெயர் தானாகவே சேர்வதுதான் பெரிய மாற்றம். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற பேதமில்லாமல், தோட்டப்புறத் தமிழ்ப் பிள்ளைக்கும் மனுப்போடாமலே வாக்கு கிடைக்கிறது. ஆயினும் அந்த ஜொகூர் தேர்தலில் வாக்களிப்பு ஏறத்தாழ 55 விழுக்காடுதான். பெருந்தொற்று அப்போது ஓயவில்லை. சிங்கப்பூரில் வேலை செய்வதால் வாக்களிக்க வர முடியாத ஜொகூர்வாசிகளும் ஏராளம்.

இந்த வாக்குரிமை குடியுரிமைக்கான நீல அடையாள அட்டை உள்ளவர்களுக்கு மட்டுமே. பிறப்புப் பத்திரம் எடுக்காத குடும்பங்களில் பிறந்து, மலேசிய மண்ணிலேயே வளர்ந்தும், நிரந்தரவாசிக்கான சிவப்பு அட்டையோடு நிற்கும் இந்தியர்களை இத்திருத்தம் எட்டவில்லை. அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பங்களுக்கு விரைவில் தீர்வு காண்பது அரசின் கடமை.