நியூயார்க் பள்ளிகளில் தொற்றுநோய்த் தடுப்பு

நியூயார்க் நகரப் பொதுப் பள்ளிகளில் பிள்ளைகளிடையே தொற்றுநோய் பரவாமலிருக்க 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து செய்யப்பட்டுவரும் மருத்துவச் சோதனை, செவிலியர் பணி, தடுப்பூசித் திட்டங்கள் ஆகியவற்றின் வரலாறு. நோய் கண்ட பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவதா, பள்ளியிலேயே வைத்துப் பார்ப்பதா என்ற கேள்வி இதில் திரும்பத் திரும்பத் தலைதூக்குகிறது.

தொடக்கம் பாஸ்டனில். 1894இல் அங்கே தொண்டை அடைப்பான் பரவியபோது நகரச் சுகாதார வாரியத்தின் சாமுவேல் டர்ஜின் 50 மருத்துவர்களைப் பள்ளிகளுக்கு அமர்த்தினார். நியூயார்க் 1897இல் அந்த வழியைப் பின்பற்றியது. ஆசிரியர் ஐயப்படும் பிள்ளைகளைத் தனியே நிறுத்தி வைப்பார். மருத்துவர் வந்து பார்த்து, தொற்று இருந்தால் ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பிவிடுவார். அத்துடன் அவர் பொறுப்பு தீர்ந்தது.

1902இல் சுகாதார ஆணையர் எர்ன்ஸ்ட் லெடர்லி இந்தச் சோதனையை இறுக்கினார். டிரக்கோமா என்னும் கண்நோய், பேன், சிரங்கு, படர்தாமரை என்று காரணம் காட்டி, அந்த ஆண்டு செப்டம்பரில் மட்டும் 10,567 முறை பிள்ளைகள் திருப்பி அனுப்பப்பட்டனர். லோயர் ஈஸ்ட் சைடு பகுதியின் நெருக்கடியான அடுக்குவீடுகளில் இதனால் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்து குடியேறிய தாய்மார் பலருக்கு அந்தச் சீட்டைப் படிக்கத் தெரியாது. காலையில் வகுப்பிலிருந்து விலக்கப்பட்ட பையன் மாலையில் அதே தோழர்களோடு தெருவில் விளையாடினான். பள்ளிக்கூடம் தன் வருகைப் பதிவேட்டைச் சுத்தமாக்கிக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

இதை நெருக்கமாகக் கண்டவர் ஹென்றி தெரு குடியேற்ற இல்லத்தை நிறுவிய செவிலியர் லிலியன் வால்ட். தலையில் கரப்பான் வந்த 12 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். பள்ளிக்குப் போன போதெல்லாம் ஆசிரியர் திருப்பி அனுப்பியதால் அவனுக்கு எழுத்தே தெரியாமல் போயிருந்தது. மருந்தகத்தில் கொடுத்த களிம்பை ஒழுங்காகத் தடவிப் பராமரித்ததில் புண் ஆறியது. அவனும் பள்ளியில் சேர்ந்தான். வேண்டியிருந்தது புது மருந்து அல்ல, தடவிவிட ஆள். ஆகவே வால்ட் ஒரு மாதச் சோதனையாகத் தம் இல்லத்துச் செவிலியர் ஒருவரை நகருக்கு இரவல் தர முன்வந்தார். பலன் தெரிந்தால் நகராட்சியே சம்பளம் கொடுத்து இதை நடத்த வேண்டும் என்பது அவர் நிபந்தனை.

அனுப்பப்பட்டவர் கனடாவில் பிறந்த லினா ராஜர்ஸ். 1902 அக்டோபரில் நான்கு பள்ளிகள், ஏறத்தாழ 10,000 பிள்ளைகள் அவர் பொறுப்பில் வந்தார்கள். பள்ளியிலேயே கண்ணைக் கழுவி, புண்ணுக்குக் கட்டுப்போட்டுப் பிள்ளையை வகுப்புக்கு அனுப்பிவிடுவார். பிறகு வீடு வீடாகப் போய்த் தாய்க்குச் செய்து காட்டுவார். பேனுக்கு மண்ணெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் சரிபாதி கலந்து தலையில் ஊறவைத்து, மறுநாள் கழுவி, ஈருக்கு வினிகர் தடவ வேண்டும். இன்று கேட்டால் பதறத்தான் தோன்றும். அன்று அதுவே முறையான வைத்தியம். பலன் தெரிந்ததும் நகராட்சியே சம்பளம் கொடுத்துச் செவிலியர்களை அமர்த்தியது. 1903 செப்டம்பரில் விலக்கல் 1,101ஆகக் குறைந்தது. இந்த எண்ணைப் பலரும் நோய் ஒழிந்ததற்குச் சான்றாகக் காட்டுவதுண்டு, அது சரியல்ல. குறைந்தது விலக்கல்தான்; சிறு தொற்றுள்ள பிள்ளைகள் சிகிச்சையோடு வகுப்பிலேயே இருக்கலானார்கள்.

1908இல் நகரச் சுகாதாரத் துறையில் குழந்தைநலப் பிரிவு உருவாகி, மருத்துவர் சாரா ஜோசபின் பேக்கர் அதன் தலைவரானார். காசநோய்ப் பிள்ளைகளுக்காகப் பழைய படகொன்றில் திறந்தவெளி வகுப்பும் அதே ஆண்டு நடந்தது. 1916இல் இளம்பிள்ளைவாதம் கடுமையாகத் தாக்கியதால் பள்ளித் திறப்பு செப்டம்பர் 25 வரை தள்ளிப்போனது.

1918 இன்ஃப்ளூயன்சாவின்போது அமெரிக்க நகரங்களில் பெரும்பாலானவை பள்ளிகளை மூடின. நியூயார்க், சிகாகோ, நியூ ஹேவன் ஆகியவை மூடவில்லை. நியூயார்க்கின் பத்து லட்சம் பள்ளிப் பிள்ளைகளில் ஏழரை லட்சம் பேர் அடுக்குவீட்டுக் குடும்பத்தினர். வகுப்பறை அந்த வீடுகளைவிடச் சுத்தமானது, காற்றோட்டமானது, அங்கே நாள்தோறும் கவனிக்கவும் ஆள் உண்டு என்பது ஆணையர் ராயல் கோப்லண்டின் வாதம். பிள்ளைகள் வாசலில் கூடாமல் நேரே வகுப்புக்குப் போக வேண்டும். ஆசிரியர் காலையில் ஒவ்வொருவரையும் பார்ப்பார். அறிகுறி இருந்தால் தனியறை, மருத்துவர், பிறகு சுகாதாரத் துறை ஊழியரின் துணையோடு வீடு. வீட்டில் தனிமைப்படுத்த இடமில்லையென்றால் மருத்துவமனை. முன்னாள் ஆணையர் கோல்ட்வாட்டர் இந்த முடிவைக் கண்டித்தார். பயந்த பெற்றோர் பலர் பிள்ளைகளை அனுப்பவும் இல்லை. இதனால் உயிர்கள் தப்பின என்று கணக்குக் காட்டுவது கடினம். ஆயினும் 16 ஆண்டுகள் வளர்த்த செவிலியர் படை இல்லாத நகரம் இப்படியொரு முடிவை எடுத்திருக்க முடியாது.

1920களில், தொண்டை அடைப்பானுக்கு எதிர்ப்பாற்றல் உள்ளதா என்று பார்க்கும் ஷிக் சோதனையும் அந்நோய்க்கான தடுப்பூசியும் பள்ளிகளுக்குள் வந்தன. தடுப்பூசி பெருகப் பெருக, விலக்கல் வேறு வேடம் பூண்டது. பெரியம்மைத் தடுப்பூசி போடாத மாணவியைச் சேர்க்க மறுத்த சான் அந்தோனியோ வழக்கில், அப்படி மறுக்க நகரங்களுக்கு அதிகாரம் உண்டென்று 1922இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த அதிகாரத்தின் வலிமையை 1970களின் தட்டம்மைப் பரவல் காட்டியது. அலாஸ்காவில் சான்று காட்டாத 7,418 மாணவர்கள் நிறுத்தப்பட்டனர். ஒரு மாதம் கழித்து வெளியே இருந்தவர்கள் 51 பேர்கூட இல்லை. நோயாளியை விலக்கியபோது நோய் தெருவுக்குப் போனது; ஊசி போடாதவரை விலக்கியபோது பெற்றோர் பிள்ளைகளுக்கு ஊசி போட்டுக் கூட்டிவந்தார்கள். 1980க்குள் 50 மாநிலங்களிலும் பள்ளித் தடுப்பூசிச் சட்டம் இருந்தது.

2018–19இல் புரூக்ளினை மையமாகக் கொண்டு நகரில் 649 பேருக்குத் தட்டம்மை வந்ததையடுத்து, 2019 ஜூன் 13 அன்று நியூயார்க் மாநிலம் பள்ளித் தடுப்பூசிக்கு மதக் காரணத்தால் தந்த விலக்கை நீக்கியது. மறு ஆண்டே கோவிட். 1918இல் மூடாத பள்ளிகள் 2020 மார்ச் 16 முதல் மூடப்பட்டன. இலையுதிர்காலத்தில் திறந்து, நகரில் பரிசோதனைகளில் தொற்று உறுதியாகும் விகிதம் 3 சதவீதத்தை எட்டியதும் நவம்பர் 19 அன்று மீண்டும் மூடி, டிசம்பர் 7 அன்று தொடக்கப் பள்ளிகளை வாராந்தரப் பரிசோதனையுடன் திறந்தார்கள். பரிசோதனைக்குப் பெற்றோர் ஒப்புதல் படிவம் தராத பிள்ளைகள் வீட்டிலிருந்தபடி இணையவழியில் படிக்க வேண்டியிருந்தது.