மின்னஞ்சல் இணைப்பில் இடைவெளி: ஒரு குறியீட்டின் வரலாறு

வலைப்பக்கத்தில் உள்ள ஓர் இணைப்பைத் தொட்ட மாத்திரத்தில், பெறுநரின் முகவரியும் கடிதத்தின் பொருளும் முன்னதாகவே நிரப்பப்பட்ட மடல் ஒன்று திரையில் விரிவது இன்று யாவருக்கும் பழகிய காட்சி. அம்மடலின் பொருள் வரியில், சொற்களுக்கு நடுவே வெற்றிடம் இருக்க வேண்டிய இடங்களிலெல்லாம் கூட்டல் குறிகள் நின்று, 'ஆண்டு+விழா+அழைப்பு' என்று தோன்றுவதையும் பலர் கண்டிருக்கக் கூடும். அற்பமான பிழையாகத் தோன்றும் இவ்விஷயம், தத்தம் இடத்தில் நியாயமாகவே இருந்த இரண்டு சம்பிரதாயங்கள் ஒரே இடத்தில் வந்து மோதியதன் விளைவாகும். அம்மோதல் நேர்ந்த விதத்தையும், அதற்கு ஏற்பட்ட தீர்வையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இடைவெளியும் ஓர் எழுத்தே

ஆஸ்கி எழுத்துத் தொகுதியில் இடைவெளியும் ஓர் எழுத்தாகவே எண்ணப்படுகிறது. அதன் எண் 32. பதினாறு அடிமானத்தில் எழுதினால் 20. எனினும், டிம் பெர்னர்ஸ்-லீ, லாரி மாசின்டர், மார்க் மெக்கேஹில் ஆகிய மூவரும் இயற்றி 1994 டிசம்பரில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 1738 என்னும் ஆவணம், இணைய முகவரிக்குள் இடைவெளி வெறுமனே நிற்பதை அபாயகரமென்று கருதி விலக்கியது. முகவரியைப் படியெடுக்கும்போதும் அச்சுக் கோக்கும்போதும் இருக்க வேண்டிய இடைவெளி மறைந்துபோகலாம், இருக்கலாகாத இடைவெளி புகுந்துவிடலாம் என்பதே அது கூறிய காரணம். ஆகவே விழுக்காட்டுக் குறியை முன்னே நிறுத்தி, எழுத்தின் எண்ணைப் பின்னே எழுதும் பொது விதியின்படி இடைவெளி '%20' என்று உருமாறியது.

கூட்டல் குறி புகுந்த வழி

இப்பொது விதிக்குப் பக்கத்திலேயே வேறொரு வழக்கமும் வேரூன்றியிருந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் பெர்னர்ஸ்-லீ எழுதிய ஆர்.எஃப்.சி. 1630, முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்வரும் வினவல் பகுதியில் கூட்டல் குறியை இடைவெளியின் சுருக்கமாக ஒதுக்கிவைத்து, உண்மையான கூட்டல் குறியைக் குறியீடாக்கியே எழுத வேண்டும் என்று விதித்தது. இடைவெளியை ஏற்காத கணினி அமைப்புகளின் வழியாகத் தேடற் சொற்களை எளிதாகச் செலுத்துவதற்குக் கண்ட உபாயம் அது. 1995 நவம்பரில் எச்.டி.எம்.எல். 2.0 வரையறுக்கப்பட்டபோது, படிவங்களில் நிரப்பும் விவரங்களை அனுப்பும் முறைக்கும் இவ்வழக்கமே விதியாயிற்று. அங்கே இதனால் விபரீதம் ஏதும் நேரவில்லை. ஏனெனில் அனுப்பும் உலாவியும் பெறும் சர்வரும் ஒரே உடன்படிக்கைக்குக் கட்டுப்பட்டிருந்தன.

மடலின் இயல்பு வேறு

'மெயில்டூ' என்று தொடங்கும் முகவரியின் இயல்பு அவ்வாறன்று. அது எந்தச் சர்வரிலும் உள்ள பொருளைச் சுட்டுவதில்லை என்று 1738-ஆம் எண் ஆவணமே தெளிவாகக் கூறுகிறது. அப்போது அதில் பெறுநரின் முகவரிக்கு மட்டுமே இடமிருந்தது. பால் ஹாஃப்மன், மாசின்டர், ஜேமி ஜவின்ஸ்கி ஆகியோர் 1998 ஜூலையில் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 2368 தான், பொருள் வரியையும் மடலின் உடற்பகுதியையும் கேள்விக்குறிக்குப் பின் இணைக்கும் வசதியை விதியாக்கியது. இடைவெளிக்கு %20 என்பதை உதாரணங்களாலும் காட்டியது. ஆனால் தோற்றத்தில் இது வினவல் பகுதியை ஒத்திருந்தமையால், படிவத்திற்குரிய வழக்கத்தையே பலர் இங்கும் கொண்டுவந்தனர். மெயில்டூ முகவரிக்கு அனுப்பப்பட்ட எச்.டி.எம்.எல். படிவங்களும் இடைவெளியைக் கூட்டல் குறியாகவே எழுதின. அதைப் பெற்ற மடல் நிரலோ, படிவ வழக்கத்திற்குக் கட்டுப்படாததாகையால், கூட்டல் குறியைக் கூட்டல் குறியாகவே காட்டிற்று.

அவ்வாறாயின், கூட்டல் குறியை இடைவெளியாகப் படித்துக்கொள்ளுமாறு மடல் நிரல்களைத் திருத்திவிடலாமே என்று கேட்கலாம். அது பெருந்தவறாகும். மின்னஞ்சல் உலகில் கூட்டல் குறிக்கு ஏற்கெனவே ஓர் அர்த்தம் உண்டு. ஒருவர் தம் பெயருக்குப் பின் கூட்டல் குறியிட்டு 'சங்கம்' என்றோ 'செய்தி' என்றோ ஒரு சொல்லைச் சேர்த்து, வரும் மடல்களை வகைபிரித்துக்கொள்ளும் துணைமுகவரி வழக்கம் பரவலாக நிலவுகிறது. அக்குறியை இடைவெளியென்று கொண்டால் முகவரியே சிதைந்து, மடல் உரியவரைச் சேராமற் போய்விடும். பொருள் வரியில் நேரும் பிழை கண்ணை உறுத்துவதோடு நின்றுவிடும். முகவரியில் நேரும் பிழையோ கடிதத்தையே இழக்கச் செய்துவிடும்.

தீர்வு

இச்சிக்கலை வெளிப்படையாக எடுத்துப் பேசித் தீர்த்தது 2010 அக்டோபரில் மார்ட்டின் டூர்ஸ்ட், மாசின்டர், ஜவின்ஸ்கி ஆகியோர் இயற்றிய ஆர்.எஃப்.சி. 6068. இடைவெளிக்காக நிற்கும் கூட்டல் குறியையும் உண்மையான கூட்டல் குறியையும் வேறுபடுத்தி அறிய வழியில்லை என்பதைச் சுட்டிக்காட்டி, மெயில்டூ முகவரியை ஆக்குவோர் எல்லா இடைவெளிகளையும் %20 என்றே எழுத வேண்டும் என்றும், கூட்டல் குறியை விரும்பினால் %2பி என எழுதலாம் என்றும் அது விதித்தது. பின்னர் எச்.டி.எம்.எல். நியமமும், படிவம் மெயில்டூ முகவரிக்குச் செல்லும்போது அதிலுள்ள கூட்டல் குறிகளை %20 ஆக மாற்றுமாறு உலாவிகளுக்குக் கட்டளையிட்டது. உண்மையான கூட்டல் குறிகள் படிவ முறைப்படி முன்னரே %2பி ஆகிவிடுவதால், இம்மாற்றத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை.

விதி தெளிவான பின்னரும் பிழை மறையாதிருப்பதற்குக் காரணம், நிரல்மொழிகளின் கருவிகளிலேயே அவ்விரு வழக்கங்களும் அருகருகே வாழ்வதுதான். பி.எச்.பி. மொழியில் 'யூஆர்எல்என்கோட்' கூட்டல் குறியைத் தரும். 'ராயூஆர்எல்என்கோட்' %20 தரும். ஜாவாவின் யூஆர்எல்என்கோடர் தருவது கூட்டல் குறியே. ஜாவாஸ்கிரிப்டின் 'என்கோட்யூஆர்ஐகாம்பொனென்ட்' தருவது %20.

தமிழில் பொருள் வரி எழுதுவோர்க்கும் இது நேரடியாகப் பொருந்தும். 'வணக்கம்' என்னும் ஒரு சொல், யூனிகோடில் ஏழு குறிகளாகவும், யூ.டி.எஃப்-8 முறையில் 21 பைட்டுகளாகவும், இணைப்பில் 63 எழுத்துகளாகவும் விரிகிறது. இத்தனை நீண்ட தொடரைக் கையால் திருத்துவது இயலாதாகையால், ஆக்கும்போதே சரியான கருவியைத் தேர்வது அவசியமாகிறது. படிவத்திற்குக் கூட்டல் குறி பொருந்தும். மின்னஞ்சல் இணைப்பிற்கு %20 ஒன்றே பொருந்தும். வலைப்பக்கம் அமைக்கும் ஒவ்வொருவரும் இவ்வொரு விதியைப் பேணுவாராயின், வாசகர் எழுத முனையும் மடல் முதல் வரியிலேயே பழுதுபடாது.