சாரம் யார் கணக்கில்?

காலை ஆறரைக்குச் சவளக்கடைச் சந்தியில் நின்றால் கரைப்பக்கம் வேலைக்குப் போகிறவர்களைக் காணலாம். மோட்டார் சைக்கிள் ஒன்றில் இருவர். பின்னால் இருப்பவரின் மடியில் சாந்தகப்பையும் மட்டப்பலகையும் திணித்த உரப்பை. கிட்டங்கிப் பாலத்தைக் கடந்ததும் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது என்று பிரிந்து போவார்கள். வயலில் வேலை இல்லாத மாதங்களில் இந்தப் பக்கத்து ஆண்கள் பலருக்கு மேசன் வேலையும் கையாள் வேலையும்தான் வருமானம்.

அப்படிப் போய்வந்த ஒருவரைப் பார்க்கத்தான் நான் சவளக்கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம் என்றார். அண்ணன் என்றே எழுதுகிறேன். சென்ற வருடம் கரையோர ஊரொன்றில் வீட்டு மேல்மாடிச் சுவருக்குப் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தபோது, நின்ற பலகை ஒருபக்கமாகத் தூக்கியது. 11 அடி. முதுகெலும்பில் முறிவு. இப்போது ஊன்றுகோலுடன் வாசல்வரை நடக்கிறார். மனைவி தையல் தைக்கிறார்.

11 அடி பெரிய உயரமாகத் தெரியாது. தென்னையில் ஏறுகிறவர் சிரிப்பார். ஆனால் அந்த உயரத்திலிருந்து விழுகிறவர் ஒரு விநாடி ஆகுமுன் நிலத்தை அடைகிறார். அடையும்போது வேகம் மணிக்கு ஏறக்குறைய 29 கிலோமீற்றர். தலைக்கவசம் இல்லாமல் அந்த வேகத்தில் மதிலில் மோதுவதை நினைத்துப் பாருங்கள்.

எங்கள் பேச்சில் சாரம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது உடுக்கும் சாரம்தான். இந்தக் கட்டுரை ஏறும் சாரத்தைப் பற்றியது. சிங்கள ஊர்களில் வேலை செய்துவந்தவர்கள் ‘பலஞ்சிய’ என்பார்கள். உடுக்கும் சாரத்தோடு ஏறும் சாரத்தில் நிற்பதும் நமது தளங்களில் வழக்கம்தான். ஆணியில் ஒருமுறை கொழுவினால் போதும்.

கரையோர ஊர்களில் சாரத்தின் தேவை கூடிக்கொண்டே போவதற்குக் காரணம் நிலம். ஒருபக்கம் கடல், மறுபக்கம் வயல். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டத் தடை வந்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டாலும் கரையோரத்தில் வீடிழந்த பலர் உள்ளே நகர்ந்துவிட்டார்கள். வயலை நிரப்பிக் கட்டுவதென்றால் கமநல அனுமதி வேண்டும். மகளுக்கு வீடு கொடுக்க வேண்டிய குடும்பம் என்ன செய்யும்? இருக்கிற வீட்டின் மேலேயே கட்டும். பத்து பேர்ச் காணியில் கீழே உம்மா வீடு, மேலே மகள் வீடு. ஒரு மாடி வேலைக்குப் பழகிய மேசன்மார் அதே கமுகு மரங்களையும் கயிற்றையும் வைத்து இரண்டாம், மூன்றாம் மாடிக்கு ஏறுகிறார்கள்.

அண்ணனிடம் நான் எதிர்பார்க்காத ஒன்று இருந்தது. அவர் கட்டாரில் நான்கு வருடம் இருந்தவர், அதுவும் சாரம் கட்டும் தொழிலாளியாக. வளைகுடாவின் பெரிய தளங்களில் ஒவ்வொரு சாரத்திலும் ஓர் அட்டை தொங்கும். பச்சை என்றால் பரிசோதித்தாயிற்று, ஏறலாம். சிவப்பு என்றால் ஏறக்கூடாது. யார் எப்போது பார்த்தார் என்பதும் அதில் எழுதியிருக்கும்.

“அங்க பச்சைக் கார்ட் இல்லாத சாரத்தில கால் வெச்சா அடுத்த பிளைட்ல ஏத்திருவானுகள் தம்பி. இஞ்ச கால் வைக்காட்டி நாளைக்கு வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க.”

அவரை வேலைக்கு அழைத்துச் சென்ற பாஸ் கரையோர ஊரைச் சேர்ந்தவர். நான் போனபோது அந்தக் காக்காவும் அங்கே இருந்தார். வாரம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகிறாராம். ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தன் மோட்டார் சைக்கிளை விற்றவர். கொந்தராத்துக் கணக்கு எழுதும் கொப்பியைக் காட்டினார். சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. கல், மணல், சீமெந்து, கம்பி எல்லாவற்றுக்கும் வரி உண்டு, சாரத்துக்கு இல்லை. “ரெண்டு பேர் விலை சொல்லுவாங்க. சாரத்துக்கு நான் காசு போட்டா மற்றவருக்குத்தான் வேலை போகும்” என்றார். 2022 நெருக்கடியில் சீமெந்து விலை ஏறியபோது வேலைகள் நின்றன. மீண்டும் தொடங்கியபோது, குறைக்கக்கூடிய எல்லாவற்றையும் குறைத்துத்தான் பாஸ்மார் விலை சொன்னார்கள்.

ஆகவே, அறியாமைதான் விபத்துக்குக் காரணம் என்று நான் எழுதப்போவதில்லை. இந்த ஊர்களில் சாரம் கட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பணமும் அரைநாள் நேரமும் ஒதுக்குகிறவர்தான் இல்லை.

எதற்கு ஒதுக்க வேண்டும் என்பதை அண்ணன் கதிரையில் இருந்தபடியே சொன்னார். அவர் சொன்னவற்றையும், வெளிநாட்டு விதிகளில் நான் சரிபார்த்தவற்றையும் சேர்த்துத் தருகிறேன்.

அடியிலிருந்து மேலே

சாரம் விழுவது பெரும்பாலும் கீழேயிருந்துதான் தொடங்கும். நமது கரை மணல். காலை நேரே மணலில் நட்டால் சுமை ஏற ஏற ஒரு கால் மட்டும் இறங்கும். ஒவ்வொரு காலுக்கும் கீழே அகலமான தடித்த பலகைத் துண்டு வேண்டும். உடைந்த கல்லை அடுக்கி அதன்மேல் காலை நிறுத்துவதுதான் நான் பார்த்த தளங்களில் அதிகம் நடக்கிறது. கல் பிளந்தால் எச்சரிக்கை எதுவும் இருக்காது.

மரச் சாரம் தவறல்ல. ஹொங்கொங்கில் வானளாவிய கட்டடங்களுக்கே மூங்கிலில் சாரம் கட்டியிருக்கிறார்கள். ஆனால் கட்டுகிறவர்கள் அதற்கெனப் பயிற்சி பெற்றவர்கள். கமுகு மரத்தின் வெளிப்புறம் வலிமை, உள்ளே சோறு. மூன்று வீட்டுக்குப் பாவித்து மழையில் கிடந்த மரத்தைத் தட்டிப் பார்க்காமல் நடக்கூடாது. கறையான் ஏறியது, வெடித்தது எல்லாம் அடுப்புக்கு. பச்சை மரத்தில் கட்டியிருந்தால் மரம் காய்ந்து சுருங்கச் சுருங்கக் கட்டுத் தளரும். அதனால் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை எல்லா முடிச்சையும் இறுக்க வேண்டும். தும்புக் கயிறு நனைந்து நனைந்து உக்கும். பிளாஸ்டிக் கயிறு வெயிலில் பொடியும்; நகத்தால் சுரண்டும்போது தூளாக வந்தால் எறிந்துவிடுங்கள்.

வாடகைக்கு எடுக்கும் இரும்புக் குழாயிலும் கரையோரத்துக்கென்று ஓர் ஆபத்து உண்டு. உப்புக்காற்று குழாயை உள்ளிருந்து தின்னும். வெளியே பெயின்ட் பூசிப் புதிதுபோல இருக்கும். சுத்தியலால் தட்டும்போது சத்தம் மாறும் இடத்தைப் பாருங்கள். முனையில் சுவரின் தடிப்பைப் பாருங்கள். கிளாம்பின் போல்ட் துருவேறிச் சுற்ற மறுத்தால் அது பிடிக்கிறது என்று பொருளல்ல.

அடுத்தது அகலமும் உயரமும். அமெரிக்க விதிப்படி, சாரத்தின் உயரம் அதன் அடி அகலத்தைப்போல நான்கு மடங்கைத் தாண்டினால் கட்டடத்தோடு கட்டிவைக்காமல் விடக்கூடாது. 3 அடி அகலச் சாரம் 12 அடியைத் தாண்டினால் சுவரோடு கட்ட வேண்டும் என்று கணக்கு. ஜன்னல் நிலையிலோ நேற்று வைத்த கல்லிலோ கட்டுவது கட்டல்ல. கொங்கிறீட் தூணில் கட்ட வேண்டும். கால்களுக்கிடையே சரிவாக ஒரு கம்பு கட்டாவிட்டால் முழுச் சாரமும் சீட்டுக்கட்டுப்போல ஒருபக்கம் படுத்துவிடும். பூச்சு வேலைக்கு இடைஞ்சல் என்று முதலில் கழற்றப்படுவதும் அந்தச் சரிவுக் கம்புதான்.

அண்ணனை வீழ்த்தியது பலகை. தாங்கும் குறுக்குக் கம்பைத் தாண்டிப் பலகை இரண்டடி நீட்டிக்கொண்டிருந்தது; அதன் முனையில் கால் வைத்தார். சாதாரண நீளப் பலகை கம்புக்கு வெளியே 6 அங்குலத்துக்குக் குறையாமலும் 12 அங்குலத்துக்கு மேற்படாமலும் நீள வேண்டும், இரண்டு முனையும் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஒற்றைப் பலகையில் நின்று வேலை செய்வதை மறந்துவிடுங்கள். இரண்டடி அகலமாவது வேண்டும்.

சுமையை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. நாலங்குலச் சீமெந்துக் கல் ஒன்று ஏறக்குறைய 15 கிலோ. மேலே இருபது கல் அடுக்கினால் 300 கிலோ. இரண்டு பேர், ஒரு தாச்சிச் சாந்து, தண்ணீர் வாளி சேர்த்தால் அரைத் தொன்னுக்குக் கிட்ட வரும். ஏற்றப்போகும் சுமையைப்போல நான்கு மடங்கைச் சாரம் தாங்க வேண்டும் என்கிறது அதே அமெரிக்க விதி. நான்கு மடங்கைப் பொருத்திப் பார்க்க நம்மிடம் வழியில்லை என்றால், கல்லைக் குறைத்து அடிக்கடி ஏற்றுவதுதான் வழி. கையாளுக்கு அலுப்புத்தான்.

இடுப்புயரத்தில் ஒரு குறுக்குக் கம்பு, அதற்கும் பலகைக்கும் நடுவே இன்னொன்று, பலகையின் விளிம்பில் கல்லோ கருவியோ கீழே உருளாமல் ஒரு சிறு பலகை. இந்த மூன்றும் இருந்திருந்தால் அண்ணன் தடுமாறியபோதாவது பிடிக்க ஏதாவது இருந்திருக்கும். இடுப்பு வார் போட்டால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் உடன்படவில்லை. வழக்கமான 2 மீற்றர் கயிறும் அதிர்ச்சி தாங்கியும் உள்ள வார் ஒருவரைப் பிடித்து நிறுத்த, கொழுவிய இடத்திலிருந்து கீழே ஐந்தரை, ஆறு மீற்றர் வெற்றிடம் தேவை. 11 அடியில் நிற்பவரை அது நிறுத்துமுன் நிலம் வந்துவிடும். அதைக் கமுகு மரத்திலேயே கொழுவினால், விழுகிறவரோடு சாரமும் வரும். வீட்டு வேலைக்குக் கைப்பிடிக் கம்புதான் சரி.

ஏணி 12 அடி ஏறினால் அதன் அடி சுவரிலிருந்து 3 அடி தள்ளி நிற்க வேண்டும், மேல்முனை பலகையைத் தாண்டி 3 அடி நீள வேண்டும். குறுக்குக் கம்புகளில் குரங்குபோல ஏறுவது வேகம்தான்.

நமது ஒழுங்கைகளில் இன்னோர் ஆபத்து மின்கம்பி. மாடி எழும்பும்போது கம்பி கையெட்டும் தூரத்துக்கு வந்துவிடுகிறது. இரும்புக் குழாயை நிமிர்த்தும்போது அதன் முனை எங்கே போகிறது என்று கீழே நிற்பவருக்குத் தெரியாது. உறையிடாத கம்பிக்குப் பத்தடிக்குள் சாரமோ குழாயோ போகக்கூடாது. வேலை தொடங்குமுன் மின்சார சபையின் 1987 இலக்கத்துக்கு அழைத்துக் கம்பியை மாற்றவோ மூடவோ கேளுங்கள். தாமதமாகலாம், ஆனாலும் கேளுங்கள்.

கச்சான் காற்றில் சாரத்துக்கு மறைப்பாகக் கட்டிய தறப்பாள் பாய்மரமாகும். மாரி மழைக்குப் பிறகு அடிமணல் கரைந்திருக்கும். காற்றுக்கும் மழைக்கும் பிறகும், எதுவும் நடக்காவிட்டாலும் வாரம் ஒருமுறையும், ஒருவர் சுற்றிவந்து பார்க்க வேண்டும். கட்டாரில் அதற்குத்தான் அட்டை.

முதலாளி யார்?

யுத்தத்துக்குப் பிறகு வடக்கு கிழக்கில் வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய் கட்டங்கட்டமாகக் கொடுத்தார்கள். பயனாளியே வீட்டைக் கட்டினார். கணவனை இழந்த பெண்கள் பலர் அப்படித்தான் முதன்முதலாக மேசனோடு விலைபேசினார்கள். வேலையாள் விழுந்தால் பொறுப்பு யாருடையது என்று அந்த விலைபேச்சில் கேட்ட ஒருவரையும் நான் சந்திக்கவில்லை.

அதே 550,000 ரூபாய்தான் 2022 வரை, தொழிலில் இறந்த அல்லது முடமான ஒருவருக்குச் சட்டப்படி கிடைக்கக்கூடிய ஆகக்கூடிய நட்டஈடும். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு உச்சவரம்பு 2,000,000 ரூபாயானது. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துகளும் சேர்க்கப்பட்டன. கிட்டங்கியைத் தினமும் கடப்பவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. இந்தச் சட்டத்தில் நட்டஈடு கேட்க, முதலாளியின் கவனயீனத்தை நிரூபிக்கத் தேவையில்லை. வேலையின்போது வேலையால் காயம் வந்தது என்பதுதான் முக்கியம்.

சிக்கல், முதலாளி யார் என்பதில். தன் வியாபாரத்துக்காக அல்லாமல் தற்காலிகமாக ஒருவரை வேலைக்கு வைப்பவர், சட்டத்தின் வரைவிலக்கணத்துக்கு வெளியே நின்றுவிடலாம். வீட்டுக்காரர் நேரடியாக நாட்கூலிக்கு அழைத்தால் அந்த நிலைதான். கொந்தராத்து எடுத்த பாஸுக்கு அது தொழில். பொறுப்பு அவரில் விழும். அவரிடமோ இருந்தது ஒரு மோட்டார் சைக்கிள்.

காக்கா இதை நான் சொல்லித்தான் அறிந்தார். சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப விலை பேசக்குள்ளயே வீட்டுக்காரரோட இதையும் பேசணும்” என்றார். நான் வீட்டுக்காரர்களுக்குச் சொல்வதும் அதுதான். சதுர அடி விலையைக் கேட்கும்போது சாரத்துக்கு எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். பலகை, குழாய், கட்டும் கூலி எல்லாம் ஒரு வரியாகக் கொப்பியில் வரட்டும். அந்த வரியைக் குறைத்துக் கேட்காதீர்கள். வேலையாட்களுக்கு விபத்துக் காப்புறுதி எடுக்கும் செலவையும் அப்போதே பேசிவிடலாம்.

விழுந்துவிட்டால்

அண்ணனைக் கையிலும் காலிலும் தூக்கி முச்சக்கரவண்டியில் மடக்கி வைத்துக் கொண்டுபோனார்கள். எல்லோரும் பதறி, நல்லெண்ணத்தில் செய்தது. உயரத்திலிருந்து விழுந்தவரின் முதுகெலும்போ கழுத்தோ முறிந்திருக்கலாம். மடக்கித் தூக்கினால் முண்ணாணில் மேலும் சேதம் வரும். மேலேயிருந்து இன்னும் ஏதாவது விழும் ஆபத்து இல்லையென்றால் அவரை அசைக்காமல், தலையையும் கழுத்தையும் இரு கையாலும் நேராகப் பிடித்தபடி 1990க்கு அழையுங்கள். அம்பியூலன்ஸ் இலவசம். கிழக்கில் பிறந்தவர்களுக்கு 1990 என்றால் முதலில் நினைவுக்கு வருவது வேறொன்று. அண்ணனுக்கும் அப்படித்தான், அந்த வருடம் இடம்பெயர்ந்தபோது அவருக்கு ஆறு வயது. “அந்த நம்பர் மறக்காது தம்பி. அதுக்கு அடிக்கலாம் என்டுதான் அண்டைக்கு ஒருத்தருக்கும் ஞாபகம் வரல்ல.”

சாரத்தைப் பிரிக்குமுன் போனில் படம் எடுத்து வையுங்கள். பொலிஸில் முறைப்பாட்டுப் பிரதியை வாங்குங்கள். டயக்னோசிஸ் கார்ட், சம்பளம் எழுதிய துண்டு, உடன் நின்றவர்களின் பெயர்கள், எதையும் எறியாதீர்கள். பிறகு கிட்டவுள்ள தொழில் காரியாலயத்தில் கேட்டு, நட்டஈட்டு ஆணையாளருக்கு விண்ணப்பியுங்கள்.

அண்ணனிடம் டயக்னோசிஸ் கார்ட் இருக்கிறது. சாரத்தின் படம் இல்லை. அடுத்த நாளே பிரித்து வேறு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சம்பளக் கணக்குக் காக்காவின் கொப்பியில் இருக்கிறது. விண்ணப்பம் போனால் எதிர்த்தரப்பு அவர்தான் என்று தெரிந்தும், அந்தப் பக்கங்களைப் போட்டோக் கொப்பி எடுக்க அதை என்னிடம் தந்தார்.