எருதுகள் இல்லாத போர்கள்

கணிப்பொறியில் ஆடப்படும் வியூக ஆட்டங்களைப் பற்றி இலக்கிய வாசகர்களிடம் பேசுவது பொருத்தம்தானா என்ற ஐயம் நமக்கும் உண்டு. ஆயினும் ஓசூர் வட்டாரக் கல்லூரிகளில் பாடம் நடத்துகிறவர் எவரும் ஒன்றைக் கவனித்திருப்பார். மராத்தியரையும் முகலாயரையும் மாணவர்களில் ஒரு பகுதியினர் முதலில் அறிந்துகொண்டது வகுப்பறையில் அன்று. பிரவுசிங் சென்டர்களிலும், பெங்களூரிலிருந்து வந்த திருட்டுக் குறுந்தகடுகளிலும் அறிந்துகொண்டார்கள். அந்த ஆட்டங்கள் வரலாற்றை எப்படிச் சொல்லின, பின்னர் ஏன் ஒன்றன்பின் ஒன்றாக ஏமாற்றமளித்தன என்று கேட்பது வரலாற்றைப் பற்றிய கேள்வியே.

இவ்வகை ஆட்டத்திற்கு இலக்கணம் வகுத்தது 1992இல் வெஸ்ட்வுட் நிறுவனம் வெளியிட்ட ‘டூன் 2’. தளம் அமைத்தல், வளம் சேர்த்தல், படை திரட்டல், எதிரியின் தளத்தை அழித்தல் என்ற வரிசை அதில் உறுதிப்பட்டது. 1994இல் ‘வார்கிராஃப்ட்’, 1995இல் ‘கமாண்ட் அண்ட் காங்கர்’, 1997இல் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’, 1998இல் ‘ஸ்டார்கிராஃப்ட்’ என்று பத்தாண்டுக்குள் பெரும் மரபே உருவாயிற்று. அதன் வீழ்ச்சியும் ஏறக்குறைய அதே வேகத்தில் நிகழ்ந்தது. வெஸ்ட்வுட் 2003இல் மூடப்பட்டது. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ படைத்த என்செம்பிள் நிறுவனம் 2009 தொடக்கத்தில் மூடப்பட்டது. 2010இல் வந்த ‘கமாண்ட் அண்ட் காங்கர் 4’ தளம் அமைக்கும் முறையையே கைவிட்டுத் தன் வரிசைக்கு முடிவுரை எழுதிக்கொண்டது. 2017இல் வந்த ‘டான் ஆஃப் வார் 3’ ஓராண்டுக்குள் கைவிடப்பட்டது. 2020இல் புதுப்பிக்கப்பட்டு வந்த ‘வார்கிராஃப்ட் 3’ வாங்கியவர்களுக்கு நிறுவனமே பணத்தைத் திருப்பித்தர நேர்ந்தது. இது வெறும் கைத்தொழில் பிழை என்று நமக்குத் தோன்றவில்லை. இம்மரபின் பிறப்பிலேயே ஒரு குறை இருந்தது. அதைக் காட்ட நம் எல்லைப்புறத்தில் நடந்த ஒரு போருக்குச் செல்ல வேண்டும்.

1791 மார்ச்சில் பெங்களூர்க் கோட்டையைப் பிடித்த காரன்வாலிஸ், மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கிச் சென்றார். அரிகெரெ அருகே திப்புவின் படையை வென்றும்விட்டார். வென்ற சில நாட்களிலேயே தம்முடைய கனத்த முற்றுகைப் பீரங்கிகளைத் தாமே உடைத்துவிட்டுப் பின்வாங்கினார். இழுக்க எருதுகள் இல்லை. நோயிலும் பசியிலும் அவை மாண்டிருந்தன. திப்புவின் குதிரைவீரர்கள் வழிநெடுகத் தீவனத்தை எரித்திருந்தார்கள். திரும்பும் வழியில் எதிர்ப்பட்ட மராத்தியரின் பாசறைச் சந்தையில் கொள்ளைவிலை கொடுத்துத் தானியம் வாங்கித்தான் அந்தப் படை உயிர்பிழைத்தது.

அதன்பிறகு அவர் செய்ததே உண்மையான வியூகம். தலைநகரை மறந்துவிட்டு நம் பக்கம் திரும்பினார். ஜூலையில் ஓசூரை மைசூர்ப் படை விட்டு நீங்கியது. அதே மாதம் ராயக்கோட்டை வீழ்ந்தது. கர்நாடகச் சமவெளியிலிருந்து கணவாய்கள் வழியே தானியம் மேலேற வேண்டும், அதற்கு இந்தக் குன்றுகள் வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆகஸ்டில் முதல் பெருந்தொடர் மேலேறி வந்ததை அன்றைய படைக்குறிப்புகள் விவரிக்கின்றன: பணம் சுமந்த 100 யானைகள் இரண்டிரண்டாக, அரிசி சுமந்த 6,000 எருதுகள், சாராயம் ஏற்றிய 100 வண்டிகள், சுமைகூலிகள் பல நூறுபேர். இவற்றுக்கு அப்பால் இலம்பாடிகள் தம் எருதுகளில் தானியம் கொணர்ந்து படைக்கு விற்றார்கள். இவர்கள் எவருடைய படைவீரரும் அல்லர், வணிகர். அவர்களின் மந்தை எந்தப் பாசறைக்குச் சென்றதோ அந்தப் பாசறை உண்டது. நவம்பரில் மாக்ஸ்வெல் கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கித் தோற்றுத் திரும்பியதுகூடப் போரின் போக்கை மாற்றவில்லை. 1792 பிப்ரவரியில் ஸ்ரீரங்கப்பட்டணம் முற்றுகையிடப்பட்டது. மார்ச் உடன்படிக்கையில் பாராமகால் கும்பினியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவர் உதவியாளர் தாமஸ் மன்றோவும் வந்து நிலமளக்கத் தொடங்கினார்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை மேட்டுநிலம் மட்டும் 1799 வரை திப்புவிடமே இருந்தது.

இதே நூற்றாண்டைக் களமாகக் கொண்டு 2009இல் வந்தது ‘எம்பயர்: டோட்டல் வார்’. மைசூரும் அதில் உண்டு, சிறிய அரசாக. மராத்தியராக நாம் ஆடலாம். ஆயிரக்கணக்கான வீரர் அணிவகுத்துச் சுடும் காட்சி கண்ணைக் கவரும். ஆனால் பிழைகள் மலிந்து வந்த அந்த ஆட்டத்தில் எதிர்த்தரப்பை இயக்கும் கணினிக்குத் தன் படையைக் கப்பலேற்றிக் கடல்கடத்தக்கூடத் தொடக்கத்தில் தெரியவில்லை. கடல்கடந்து வந்த கும்பினியின் கதையைச் சொல்ல வந்த ஆட்டத்திற்கு இதைவிடப் பெரிய முரண் வேறென்ன? அதே நிறுவனம் 2013இல் வெளியிட்ட ‘ரோம் 2’ஐப் பற்றிப் பின்னர் மன்னிப்புக் கேட்கவேண்டி வந்தது.

நம் மரபு இதில் தெளிவாக இருந்தது. தொல்காப்பியம் புறத்திணையை வெட்சியில், அதாவது மாடு கவர்வதில் தொடங்குகிறது. கவர்ந்த ஆநிரையை வருந்தாமல் ஓட்டிவந்து காப்பதும் அங்கே போரின் பகுதி. மாடு முதலில், கோட்டை பிறகு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நடுகற்கள் பலவும் ஆநிரைப் பூசலில் இறந்தவர்களுக்கு எடுத்தவை. வேடிக்கை என்னவெனில், ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ இரண்டாம் பாகத்திலும் வெட்சி உண்டு. தொடக்கத்தில் எதிரியின் ஊரருகே மேயும் ஆடுகளை நம் குதிரைவீரன் ஓட்டிக்கொண்டு வரலாம். தேர்ந்த ஆட்டக்காரர் எல்லோரும் அறிந்த தந்திரம் இது. ஆனால் அதோடு சரி. 1999இல் வந்த அந்த ஆட்டத்தில் பாரசீகரின் போர்யானைக்கு 200 உணவும் 75 பொன்னும் கொடுத்தால் போதும். அதன்பின் அந்த யானை எதையும் தின்னாது. ஜவளகிரி உழவர் இதைக் கேட்டால் சிரிப்பார். ஆண்டுதோறும் கேழ்வரகு முற்றும் பருவத்தில் பன்னார்கட்டாக் காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக யானைக்கூட்டங்கள் இறங்குகின்றன. வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ இரை வேண்டும். பரண்மேல் விழித்திருந்து பட்டாசு கொளுத்துகிறவருக்கு யானைப்படை என்பதன் பொருள் எந்த ஆட்டக்காரரையும்விட நன்றாகத் தெரியும்.

விதிவிலக்குகளைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2003இல் வந்த ‘ரைஸ் ஆஃப் நேஷன்ஸ்’ ஆட்டத்தில் பகைநாட்டுக்குள் நுழையும் படை தானாகவே தேயும். உணவுவண்டி உடன்சென்றால்தான் பிழைக்கும். இவ்வழியில் மரபு வளர்ந்திருக்கலாம். வளரவில்லை. வேகமே திறமை என்ற கொள்கை வென்றது. தென்கொரியாவில் ‘ஸ்டார்கிராஃப்ட்’ தொலைக்காட்சிப் போட்டியானபோது, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுட்டியையும் விசையையும் அழுத்துகிறார் என்பதே ஆட்டக்காரரின் அளவுகோலாயிற்று. ‘வார்கிராஃப்ட் 3’ இன் மடியில் ரசிகர்கள் உருவாக்கிய ‘டோட்டா’ ஊரையும் உழவையும் நீக்கிவிட்டு ஒரே ஒரு வீரனை மட்டும் வைத்துக்கொண்டது. கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. உழவும் களஞ்சியமும் இடையூறு என்று முதலில் பழக்கியவர்கள் வியூக ஆட்டங்களைச் செய்தவர்களே. அவற்றை முழுதும் நீக்கிய ஆட்டம் வந்ததும் மக்கள் அங்கே சென்றதில் வியப்பில்லை.

இன்னொரு கொடுமையும் நிகழ்ந்தது. காத்திருத்தலை இந்த ஆட்டங்கள் துரத்திவிட்டன அல்லவா, அது 2012இல் ‘கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்’ வழியாகக் கைபேசிக்குள் திரும்பி வந்தது. கட்டடம் எழ மணிக்கணக்காகும். பொறுக்கமுடியாதவர் காசு கொடுத்து நேரத்தை வாங்கலாம். 1791இல் எருதுகளுக்காக மூன்று மாதம் காத்திருந்ததில் ஒரு சிந்தனை இருந்தது. இங்கே காத்திருப்பில் இருப்பது கல்லாப்பெட்டி மட்டுமே.

அண்மை ஏமாற்றம் 2025 பிப்ரவரியில் வந்த ‘சிவிலைசேஷன் 7’. 1991 முதல் காந்தியடிகளை முன்னிறுத்தி இந்தியாவைக் காட்டிய வரிசை அது. (அந்தக் காந்தி அணுகுண்டு வீசியது கணக்குப் பிழையால் என்று நீண்டகாலம் உலவிய கதை உண்மையன்று என 2020இல் வெளிவந்த தம் நினைவுநூலில் சிட் மெயர் எழுதிவிட்டார்.) ஏழாம் பாகத்தில் சோழர் தனி நாகரிகமாக இடம்பெற்றதைக் கேட்டு நாமும் மகிழ்ந்தோம். ஆடிப்பார்த்தால், காலம் மாறும்போது நாகரிகமும் மாற வேண்டும் என்பது வெளிவந்தபோது இருந்த விதி. மௌரியர் சோழராகி, சோழர் முகலாயராவதே அது வகுத்த இந்திய வழி. விசயநகரம், நாயக்கர், மைசூர் எல்லாம் எங்கே போயின? ஓர் அரசு ஏன் தேய்ந்தது, அதன் ஏரிகளும் கோயில் நிலங்களும் யார் கைக்கு மாறின என்று கேட்டறியும் இன்பமே இவ்வரிசையின் உயிர். அது ஒரு திரைமாற்றத்தில் கரைந்துவிட்டது. வெளிவந்தபோது ஆட்டக்காரர்களிடம் கலவையான வரவேற்பே கிடைத்தது.

புதியவை இப்படி விழ, 1999இன் பழைய ஆட்டமே நின்று நிலைத்திருப்பது கவனிக்கத்தக்கது. முதலில் அதில் இந்தியரே இல்லை. 2013இல் ‘இந்தியர்’ என்று ஒரே கூட்டமாகச் சேர்த்தார்கள். 2022 ஏப்ரலில் அதைப் பிரித்து, திராவிடர் என்ற பெயரில் தெற்கைத் தனியாக்கி, இராசேந்திர சோழனின் படையெடுப்புகளையும் அமைத்தார்கள். நம் மாணவர் சிலர் அதை ஆடிவிட்டுத் திருவாலங்காட்டுச் செப்பேட்டைப் பற்றிக் கேட்க வந்தார்கள். மகிழ்ச்சிதான். கடாரம் சென்ற அந்தக் கலங்களுக்கு அரிசி எந்த ஊர்களிலிருந்து வந்தது என்று அவர்களிடம் நாம் திருப்பிக் கேட்டோம்.