ஆட்டம் முதலில், பெட்டி பிறகு



"வீடியோ கேம் பெட்டி வாங்கித் தாங்கப்பா" என்று பிள்ளை கேட்டால் எதை வாங்குவது? சரித்திரம் வழி சொல்கிறது. 1977இல் அமெரிக்காவில் அட்டாரி பெட்டி வந்தது. 1980இல் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆட்டம் அதற்கு வந்ததும் விற்பனை பெருகியது. அந்த ஆட்டத்துக்காகவே பலர் பெட்டியை வாங்கினார்கள். 1985இல் 'சூப்பர் மாரியோ' நிண்டெண்டோவுக்கு வந்தது. 1991இல் 'சோனிக்' சேகாவுக்கு வந்தது. அன்று ஒன்றின் ஆட்டம் மற்றதில் ஓடவில்லை.

நம்ம பாட்டிமார் அறிந்த சங்கதிதான் இது. பல்லாங்குழியில் பக்கத்துக்கு ஏழு குழி. மலாக்காவில் மலாய்க்காரர்கள் ஆடும் சொங்காக் பலகையிலோ இரு முனையிலும் 'வீடு' என்னும் பெரிய குழி உண்டு. ஆட்டத்துக்கேற்ற பலகை!

ஆகவே, தோட்டத்துச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசை அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். பிள்ளைக்குப் பிடித்தது பந்தாட்டமா, புதிரா என்று முதல்ல கேளுங்க. அடுத்த வீட்டைப் பார்த்து வாங்கிய பெட்டி மூலையில்தான் தூங்கும்.