டிபேஸ்: புரோகிராம் ஓய்ந்தது, கணக்கு ஓயவில்லை

பழைய ஃபிளாப்பியில் இருந்த டிபேஸ் 3 பிளஸை இன்றைய கணினியில் காப்பி செய்து கிளிக் செய்தால் என்ன ஆகும்? இந்தக் கணினியில் இது ஓடாது என்று விண்டோஸ் கையை விரித்துவிடும். புரோகிராமில் ஒரு கோளாறும் கிடையாது. பிறகு ஏன் இப்படி?

கொஞ்சம் பின்னால் போவோம். அமெரிக்காவில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் வேலை பார்த்த வேய்ன் ராட்லிஃப், 1970களின் கடைசியில் வல்கன் என்றொரு தகவல்தள மென்பொருளை எழுதினார். எதற்குத் தெரியுமா? ஆபீஸ் நண்பர்களோடு கட்டிய ஃபுட்பால் பந்தயத்தில் ஜெயிக்க! ஜார்ஜ் டேட்டும் ஹால் லாஷ்லியும் அதை வாங்கி டிபேஸ் 2 என்று விற்றார்கள். டிபேஸ் 1 என்று ஒன்று வரவே இல்லை. கம்பெனியின் பெயர் ஆஷ்டன்-டேட். ஆஷ்டன் என்றும் யாரும் கிடையாது!

1984ல் டிபேஸ் 3 வந்தது. சின்னச் சின்ன கம்பெனிகளின் சம்பளப் பட்டியல், சரக்கு இருப்பு, பாக்கிக் கணக்கு எல்லாம் இதற்குள் போயின. 1988ல் வந்த டிபேஸ் 4 பிழைகள் மலிந்து சொதப்பியது. 1991ல் ஆஷ்டன்-டேட்டை போர்லாண்ட் வாங்கியது. போட்டியாளரான ஃபாக்ஸ்ப்ரோவை 1992ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 90களில் நம்மூர் கம்ப்யூட்டர் சென்டர்களிலும் இவை இரண்டும் முக்கியமான பாடங்கள்.

சரி, இப்போது ஏன் ஓடவில்லை? இவை 16 பிட் டாஸ் புரோகிராம்கள். 1985ல் வந்த இன்டெல் 80386 பிராசஸர், தனக்குள்ளேயே ஒரு பழைய 8086 இருப்பது போல நடிக்கத் தெரிந்தது. 32 பிட் விண்டோஸ் அந்த நடிப்பை வைத்துத்தான் டாஸ் புரோகிராம்களை ஓட்டியது. பிராசஸர் 64 பிட் முறைக்கு மாறியதும் அந்த நடிப்பு கிடையாது. 2021ல் வந்த விண்டோஸ் 11ல் 32 பிட் பதிப்பே இல்லை.

அதனால் பழைய கணினியையே மென்பொருளால் உருவாக்க வேண்டியதாயிற்று. 2002ல் வந்த டாஸ்பாக்ஸ் அப்படிப்பட்டது. அதில் ஒரு ஃபோல்டரை சி டிரைவாக இணைத்தால் போதும், டிபேஸின் புள்ளி பிராம்ப்ட் மறுபடி கண் சிமிட்டும். ஆனால் அது விளையாட்டுகளுக்காகச் செய்தது, பிரிண்டர் வசதி இல்லை. பில் அடிக்கிறவர்களுக்காக வந்தது விடாஸ்.

உண்மையான ஆச்சரியம் டேட்டாவில்தான் இருக்கிறது. டிபிஎஃப் கோப்பின் தலையில் பத்தி விவரம், அதன் கீழே வரிசையாக வெறும் எழுத்துகள், எண்கள். தேதி கூட 19870331 என்றுதான் இருக்கும். ஒரு பதிவை டெலீட் செய்தால் அது அழியாது, முன்னால் ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். பேக் கட்டளை கொடுத்தால்தான் நிஜமாகப் போகும். பேரேட்டில் தப்பான பதிவைக் கிழிக்காமல் கோடு போட்டு அடிப்பது போல!

இந்த எளிமையால்தான் லிப்ரேஆபீஸ் இன்றும் அதை நேரடியாகத் திறக்கிறது. மேப் மென்பொருள்களின் ஷேப்ஃபைலிலும் விவரப் பட்டியலாக இருப்பது டிபிஎஃப் கோப்புதான்.

ஆக, பழைய கணக்கு வேண்டுமென்றால் டிபேஸை இன்ஸ்டால் செய்யப் போராட வேண்டாம், டிபிஎஃப் கோப்பு பத்திரமாக இருந்தாலே போதும். கணக்கு மென்பொருள் வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: நாளைக்கு இந்தக் கம்பெனி இல்லாமல் போனால், நம் கணக்கை வேறொன்றில் திறக்க முடியுமா?